ஒரு டம்ளர் காபியும் ஐந்து சதவீத மூச்சும்

வீசிங் உள்ளவர்கள் காபி குடிக்கலாமா என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சளி கட்டும், தொடாதே என்பார் ஒருவர். பால் விடாமல் ஸ்ட்ராங்காக ஒரு டம்ளர் குடி, நெஞ்சு லேசாகிவிடும் என்பார் இன்னொருவர். இந்த இரண்டில் உண்மை அதிகம் இருப்பது இரண்டாவதில்தான். காபி மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஊதவைத்து, கருவியில் அளந்து பார்த்த விஷயம் இது. ஆனால் எவ்வளவு விரிக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு விரிக்கிறது, விரித்ததால் நோய்க்கு என்ன ஆகிறது என்ற கேள்விகளைக் கேட்காமல் அந்த ஒரு உண்மையை மட்டும் கையில் வைத்துக்கொள்வது ஆபத்து என்பது என் கருத்து. சுத்தமாக வேலை செய்யாத ஒன்றை நம்பியவர் சீக்கிரம் விழித்துக்கொள்வார். அடுத்த இழுப்பே அவருக்குச் சொல்லிவிடும். கொஞ்சம் வேலை செய்கிற ஒன்றை நம்பியவர்தான் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்கிறார்.

காபியை ஆஸ்துமா மருந்தாகச் சொன்னவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர், தானே ஆஸ்துமா நோயாளி, 1859-ல் எடின்பரோவின் மருத்துவ இதழ் ஒன்றில் காபியைத் தலைசிறந்த நிவாரணங்களுள் ஒன்றாக எழுதினார். கெட்டியாக, சூடாக, பாலும் சர்க்கரையும் இல்லாமல், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று பக்குவமும் சொன்னார். தூக்கத்தில்தான் ஆஸ்துமா வந்து பிடிக்கிறது, காபி விழிப்பைத் தருவதால் பிடி தளர்கிறது என்பது அவர் தந்த விளக்கம். பலனைச் சரியாகக் கவனித்திருக்கிறார். காரணம் பிறகுதான் தெரியவந்தது. அந்தக் காலத்தில் கைவசம் இருந்த மற்ற வழிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று, ஊமத்தையை உலர்த்திப் புகைப்பது. 1802-ல் அது பிரிட்டனுக்குப் போனதே நம் சென்னையிலிருந்துதான்: இங்கே தலைமை மருத்துவராக இருந்த ஆண்டர்சனிடம் கற்று ஜெனரல் ஜென்ட் என்பவர் கொண்டுபோனார். ஊமத்தைப் புகையிலும் பலன் இருந்தது. அதில் இருக்கும் அட்ரோபினை மாற்றியமைத்துத்தான் இன்று நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம் உருவானது. அதற்காக யாரும் இன்று ஊமத்தையைப் புகைப்பதில்லை. பலன் தரும் பொருளைப் பிரித்து, அளவு கட்டி, பாதகத்தைக் குறைத்துக் கொடுக்கும் வழி வந்த பிறகு மூலச்செடிக்கு மருந்துப் பெட்டியில் இடமில்லாமல் போயிற்று. காபிக்கும் அதே கதைதான் நடந்தது, ஆனால் காபி ருசியாக இருப்பதால் அந்தக் கதையின் முடிவை நாம் கேட்காமல் இருந்துவிட்டோம்.

அந்த முடிவைச் சொல்கிறேன். காபியில் உள்ள காஃபீனும், தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தும் ஒரே குடும்பம். காஃபீன் மூலக்கூறில் மூன்று மெத்தில் தொகுதிகள், தியோஃபிலினில் இரண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பிரெக்ட் கோசல் 1888-ல் தேயிலையிலிருந்து தியோஃபிலினைப் பிரித்தெடுத்தார். நாம் குடிக்கும் காஃபீனிலும் ஒரு சிறு பங்கைக் கல்லீரல் தியோஃபிலினாக மாற்றிவிடுகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் டெரிஃபிலின் என்ற பெயரைக் கேட்காதவர் குறைவு. அதில் இருப்பதும் தியோஃபிலினும் அதன் உடன்பிறப்பும்தான். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆஸ்துமா சிகிச்சையில் முன்வரிசையில் இருந்த மருந்து இது. இன்று? ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டி அமைப்பான ஜினா, வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைப்பதில்லை. பலன் குறைவு, குமட்டல், படபடப்பு, அளவு கொஞ்சம் கூடினால் வலிப்பு வரை போகும் என்பதுதான் காரணம். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகல். அளந்து கொடுக்கப்படும் அண்ணனுக்கே இந்த நிலை என்றால், அளக்காமல் குடிக்கும் தம்பியிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

காபியை மருந்தாக நினைப்பவர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் முக்கியமானது, 1984-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. கனடாவின் வினிபெக் நகரத்தில், ஆஸ்துமா உள்ள சிறார்களுக்கும் இளைஞர்களுக்கும் காஃபீனையும் தியோஃபிலினையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக மூச்சுக்குழாயை விரித்தன. செய்தி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொடுத்தது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் காஃபீன். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 600 மில்லிகிராம் ஆகிறது. ஒரு பெரிய கோப்பைக் காபியில் சுமார் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஆறு கோப்பை, அதுவும் ஒரே மூச்சில். நலமாக இருக்கும் பெரியவர் ஒரு முழு நாளில் 400 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன வரம்பு. நம் வீட்டு ஃபில்டர் காபியோ சின்ன டம்ளர், அதில் பாதிக்கு மேல் பால். தூளில் சிக்கரி கலந்திருந்தால் கணக்கு இன்னும் இறங்கும், ஏனென்றால் சிக்கரியில் காஃபீனே கிடையாது. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது கிட்டத்தட்ட பாதி வரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டின் மேலேயே விகிதம் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். சுக்குக் காபியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சும் அந்தப் பானத்தில் பெரும்பாலும் காபித் தூள் சேர்ப்பதே இல்லை. அது தொண்டைக்கு இதமாக இருக்கலாம், அதனால் கிடைக்கும் சுகத்தைக் காஃபீன் கணக்கில் எழுத முடியாது.

சரி, நாம் குடிக்கக்கூடிய அளவில் உண்மையில் என்ன நடக்கிறது? காக்ரேன் அமைப்பு 2010-ல் புதுப்பித்து வெளியிட்ட தொகுப்பாய்வு இதற்குப் பதில் தருகிறது. மொத்தம் ஏழு சோதனைகள், 75 பேர். குறைந்த அளவுக் காஃபீனுக்கும் மூச்சுத்திறன் கூடுகிறது. ஆழ இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியே வரும் காற்றின் அளவை வைத்துத்தான் இதைச் சொல்கிறார்கள். அந்த அளவு இரண்டு மணி நேரம் வரை சுமார் 5 சதவீதம் உயர்ந்திருந்தது. சில சோதனைகளில் பலன் நான்கு மணி நேரம் வரை நீண்டது. 75 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் முடிவுகள் ஒரே திசையில் இருப்பதால் நான் இதை ஏற்கிறேன். இப்போது அந்த 5 சதவீதத்தை வேறொரு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கும்போது மருத்துவர்கள் முதலில் ஒருமுறை ஊதச் சொல்வார்கள், பிறகு குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் பஃப் கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பெரியவர்களில் 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால்தான் குழாய் குறிப்பிடத்தக்க அளவு திறந்தது என்று பல ஆண்டுகளாகக் கணக்கில் எடுத்துவந்தார்கள். காபியின் ஐந்து அந்தக் கோட்டின் பாதியைக்கூடத் தொடவில்லை. நேரக் கணக்கும் அப்படியே. சால்பியூட்டமால் நேராக மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கும். காபி வயிற்றில் இறங்கி, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும்.

"எண் என்னவாகவும் இருக்கட்டும், குடித்தால் எனக்கு நெஞ்சு லேசாகிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் மூச்சுத் திணறலை அனுபவிக்கிறவர் அவர், அளவுகோல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் உணர்வை எவ்வளவு நம்பலாம் என்று 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு சோதனை நடந்தது. அதே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்தான் வெளிவந்தது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் உண்மையான சால்பியூட்டமால், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள்; சில நாட்களில் எதுவுமே கொடுக்கவில்லை. நுரையீரல் அளவீட்டில் உண்மையான மருந்துக்கு 20 சதவீத முன்னேற்றம்; மற்ற மூன்றுக்கும் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் எவ்வளவு தேவலை என்று நோயாளிகளையே கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50, போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46 சதவீதம் என்றார்கள். சும்மா இருந்தபோது மட்டும் 21. நெஞ்சு லேசானதாக உணர்வதும் குழாய் திறப்பதும் தனித்தனியாக நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. நாள் முழுவதும் சிறுமாற்றங்கள் தானாகவே நடக்கின்றன என்பதையும் அந்த 7 சதவீதம் காட்டுகிறது.

காலைக் காபிக்கு இதில் கூடுதலாக ஒரு சாதகம் உண்டு. நுரையீரலின் திறன் ஒரு நாளில் ஏறி இறங்கும். விடியலுக்கு முன், நான்கு மணி வாக்கில் அது அடிமட்டத்தில் இருக்கும், பிறகு பிற்பகல் வரை மெல்ல ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மையாக இருக்கும். விடியற்காலையில் இருமலோடும் இறுக்கத்தோடும் எழுந்து, ஆறு மணிக்குக் காபி குடித்து, ஏழு மணிக்குத் தேவலை என்று உணர்கிறவர், காபி குடிக்காமல் இருந்திருந்தாலும் ஏழு மணிக்கு ஓரளவு தேவலையாகத்தான் இருந்திருப்பார். உடல் கடிகாரம் செய்த வேலைக்கான நன்றி டம்ளருக்குப் போய்ச் சேர்கிறது. சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய குழல் கருவி பெரிய விலை இல்லை, மருந்துக் கடையில் கிடைக்கும். காபி குடித்த நாட்களிலும் குடிக்காத நாட்களிலும் ஒரே நேரத்தில் ஊதி எழுதி வைத்தால் உங்கள் உடலின் பதில் உங்களுக்கே தெரியும்.

இதுவரை பேசியது குழாய் விரிவதைப் பற்றி. ஆனால் ஆஸ்துமாவின் வேர் அங்கே இல்லை. குழாயின் உட்சுவரில் அழற்சி இருக்கிறது. சுவர் வீங்கி, சளி சுரந்து, தூசிக்கும் குளிருக்கும் புகைக்கும் சட்டென்று சீறும் நிலையில் இருக்கிறது. சுற்றியுள்ள தசை இறுகுவது இதன் விளைவு. காபி அந்தத் தசையைக் கொஞ்சம் தளர்த்துகிறது. வீக்கத்தைத் தணித்துவிடும் என்று நம்புவதற்குச் சான்று இல்லை. அதைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. காபியைப் போலப் பலமடங்கு ஆற்றலுள்ள சால்பியூட்டமாலுக்கே இந்தக் குறை உண்டு என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 2019-ல் ஜினா தன் வழிகாட்டுதலை மாற்றியது: குழாய் விரிப்பானை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்யக் கூடாது, லேசான ஆஸ்துமாவிலும் ஸ்டீராய்டு சேர்ந்திருக்க வேண்டும். விரிப்பான் இறுக்கத்தைப் போக்கிவிடுவதால் உள்ளே வீக்கம் வளர்வது தெரியாமல் போகிறது, ஒருநாள் விரிப்பானும் கேட்காத இழுப்பு வந்துவிடுகிறது என்பது இதன் பின்னாலிருந்த அனுபவம். இந்தியாவுக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதத்தினர் இங்கே இருக்கிறார்கள். ஆனால் உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கே நடக்கின்றன. இன்ஹேலர் பழக்கமாகிவிடும், குழந்தைக்கு எதற்கு இப்போதே பம்ப், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயங்களால் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து ஒதுக்கப்படும் ஊரில், கொஞ்சம் வேலை செய்கிற வீட்டுப் பானம் அந்த ஒதுக்கலுக்கு ஒரு சாக்காகிவிடுகிறது. எனக்குக் காபியோடு சண்டை இல்லை. இந்தச் சாக்கோடுதான் சண்டை.

இதற்கு எதிராகக் கனமான ஒரு வாதம் உண்டு. இத்தாலியில் 72,000-க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த கணக்கு 1988-ல் வெளியானது. நாளுக்கு மூன்று கோப்பையோ அதற்கு மேலோ குடிப்பவர்களிடம், குடிக்காதவர்களைவிட ஆஸ்துமா சுமார் 28 சதவீதம் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 1992-ல் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. கோப்பை கூடக்கூட நோய் குறைகிறது என்ற வரிசை கவர்ச்சியானதுதான். ஆனால் இத்தகைய கணக்கெடுப்பு ஒரே சமயத்தில் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்வது. எது முன், எது பின் என்று அதற்குத் தெரியாது. ஆஸ்துமாவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே படபடப்பும் கை நடுக்கமும் இருக்கும். அவர்கள் காபியைத் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள், அல்லது மருத்துவர் குறைக்கச் சொல்லியிருப்பார். அப்போது நோய் காபியைக் குறைத்தது, கணக்கில் மட்டும் காபி நோயைக் குறைத்ததாகத் தெரியும். காபியின் லேசான விரிப்பு, லேசான ஆஸ்துமா உள்ள சிலரின் அறிகுறிகளை மறைத்து அவர்களை நோயில்லாதவர் பக்கம் தள்ளியிருக்கவும் கூடும். அப்படியானால் அந்த ஆய்வுகள் என் கவலைக்குத்தான் துணை நிற்கின்றன.

இன்னொரு எதிர்வாதம் அவசரத்தைப் பற்றியது. பயணத்தில் இன்ஹேலர் தீர்ந்துவிட்டது, கடை மூடியிருக்கிறது, டீக்கடை மட்டும் திறந்திருக்கிறது, அப்போதாவது குடிக்கலாமா? முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, லேசான இறுக்கம்தான் என்றால் ஒரு கடுங்காபி கெடுதல் செய்யாது, சிறு உதவியும் கிடைக்கலாம். ஆனால் இன்ஹேலரைத் தேடுவதை அதற்காக ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பேச்சு பாதி வாக்கியத்தில் அறுபடுகிறது, கழுத்துத் தசை உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் நிமிர்த்தி உட்காரவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவர் விழுங்கும்போது புரையேறலாம். காபி வேலை செய்யத் தொடங்க எடுக்கும் அந்த அரை மணி நேரம் அவருக்கு இல்லை.

மறுபக்கம் நின்று காபியையே தடுப்பவர்களுடனும் நான் உடன்படவில்லை. பால் சளியைக் கூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதற்கு, பால் ஒவ்வாமை உள்ள சிலரைத் தவிர, நல்ல சான்று கிடையாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் கவனிக்கலாம்: அமிலம் மேலேறுவது ஆஸ்துமாவைத் தூண்டுவதுண்டு, காபி சிலருக்கு அந்த எரிச்சலைக் கூட்டும். அப்படிப்பட்டவர் இரவுக் காபியை விட்டுப் பார்ப்பது நல்லது. காபியால் உண்மையிலேயே நுரையீரல் கெட்டவர்கள் யாரென்று தேடினால், குடிப்பவர்களைவிட உழைப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். பச்சைக் காபிக்கொட்டையின் தூசியால் ஒவ்வாமை ஏற்பட்டு ஆஸ்துமா வந்த தொழிலாளர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் நெடுங்காலமாகப் பதிவுகள் உண்டு. டெக்சாஸில் காபிக்கு வாசனை சேர்க்கும் ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களுக்கு டையசெட்டில் என்ற வாசனைப்பொருளின் ஆவியால் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டதை 2013-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. அது ஆஸ்துமா அல்ல, அதைவிடக் கொடியது. சளி கட்டுமா என்று டம்ளரைப் பற்றிக் கவலைப்படுகிற அளவில் ஒரு பங்காவது வறுக்கிற, அரைக்கிற கூடத்தின் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டால் நன்றாக இருக்கும்.

காபி குடிக்கும் ஆஸ்துமாக்காரர் நடைமுறையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. டெரிஃபிலின் போலத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர் காபியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டையும் கல்லீரலின் ஒரே நொதிதான் உடைக்கிறது, ஒன்று மிகுந்தால் மற்றது தேங்கும், படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வரும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதே நொதியை முடக்குவதால் அந்த நாட்களில் இன்னும் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் காஃபீன் உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நுரையீரல் பரிசோதனைக்கு ஊதப் போகும் நாளில் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே காபியை நிறுத்திவிட வேண்டும் என்பது காக்ரேன் ஆய்வு எழுப்பும் எச்சரிக்கை. அந்த 5 சதவீதம் ஏறியிருந்தால், எல்லைக்கோட்டில் இருக்கும் ஒருவரின் ஆஸ்துமா தாளில் தெரியாமல் போகலாம், மருந்தும் குறைத்து எழுதப்படலாம். பரிசோதனைக்கூடத்தில் கேட்க மறந்துவிட்டால் நாமே சொல்ல வேண்டும்: இத்தனை மணிக்குக் காபி குடித்தேன் என்று.

காலைக் காபியை ஆஸ்துமாவுக்கு உதவியாக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குக் காஃபீன்கூடத் தேவையில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலன் தினமும் தவறாமல் எடுப்பதில் இருக்கிறது; தேவலை என்று தோன்றும் நாட்களில்தான் அது மறந்துபோகும். காபியை மறப்பவர் யாரும் இல்லை. இன்ஹேலரை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த பஃபை எடுத்து, வாயில் படிந்த மருந்து பூஞ்சையை வரவழைக்காதபடி நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பிறகு டம்ளரை எடுக்கலாம்.